வரிசையில் கடைசிப் போன்

காயல்பட்டினத்தில் புதுப் போன் ஒருவருக்காக மட்டும் வருவதில்லை. துபாயிலோ ஹாங்காங்கிலோ இருப்பவர் புதிது எடுத்தால், அவர் கையில் இருந்தது ஊரில் மனைவிக்கு வரும். மனைவி வைத்திருந்தது அவளுடைய உம்மாவுக்குப் போகும். உம்மாவிடம் இருந்தது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு. அதற்கும் உதவாததுதான் அலமாரி இழுப்பறைக்குள் போகும். கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை பெண் வீட்டோடு தங்குவது இந்த ஊர் வழக்கம். ஆகவே சம்பாதிக்கும் ஆணுக்கு இரண்டு வீடு: பெற்ற உம்மா வீடு ஒன்று, பெண்சாதி வீடு ஒன்று. பெட்டியிலிருந்து ஒரு போன் இறங்கினால், எந்த வீட்டுக்கு என்ற கேள்வியும் கூடவே இறங்கும்.

போனை மாற்றலாமா, இருப்பதையே ஓட்டலாமா என்பது மற்ற ஊர்களில் ஒருவர் தனக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி. இங்கே அதற்கு நான்கு பேராவது பதில் சொல்ல வேண்டும். கடந்த அரை நூற்றாண்டில் இந்த ஊருக்குள் வந்த கருவிகளைப் பற்றி நிறையப் பேசலாம். அதைவிடச் சுவையானது, கருவியை மாற்றும் முடிவு யார் கையில் இருந்தது, இப்போது யார் கையில் இருக்கிறது என்பது. அன்று வரிசையின் தலையில் இருந்தவர் முடிவு செய்தார். இன்று, அவருக்கே தெரியாமல், வரிசையின் கடைசியில் இருப்பவர் முடிவு செய்கிறார்.

சபரில் போனவர் கொண்டுவந்தது

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலுக்குத் தெற்கே, திருச்செந்தூருக்குச் சற்று வடக்கே இருக்கிறது காயல்பட்டினம். 1986 அக்டோபரில் தூத்துக்குடி மாவட்டம் பிரியும்வரை இது திருநெல்வேலி மாவட்டத்து ஊர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதிவைத்த காயல் துறை இந்தக் கழிமுகப் பகுதியைச் சேர்ந்தது. பாண்டியர்களுக்கு அரபுக் குதிரைகள் வந்திறங்கிய கரை. கடல் தாண்டிப் பிழைப்பது இங்கே யாருக்கும் புதிதில்லை. போன நூற்றாண்டில் கொழும்பும் கல்கத்தாவும் இழுத்தன. ரத்தினக் கல் வியாபாரம் ஹாங்காங் வரை கொண்டுபோனது. எழுபதுகளில் எண்ணெய் விலை ஏறியபின் வளைகுடா சேர்ந்துகொண்டது. ஆண்கள் சபரில், அதாவது பிழைப்புக்காக வெளிநாட்டில், இருப்பார்கள். வீடும் தெருவும் பெண்கள் பொறுப்பில் இருக்கும். ஆகவே இந்த ஊரில் சேதி சொல்லும் கருவி எதுவாக இருந்தாலும் அதன் ஒரு முனை கடலுக்கு அப்பால் ஓர் ஆணிடமும், மறுமுனை இங்கே ஒரு பெண்ணிடமும் இருந்தது.

முதலில் கடிதம். பள்ளிக்கூடம் போகாத பெண்களிலும் பலருக்குக் குர்ஆன் ஓதத் தெரியும் என்பதால், அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் கைகொடுத்தது. கணவனுக்கு எழுத வேண்டியதை அடுத்தவரிடம் சொல்லி எழுதவைக்காமல் தானே எழுத முடிந்தது சின்ன விஷயமில்லை.

எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் டேப் ரிக்கார்டர் வந்தது. வளைகுடாவிலிருந்து வருகிறவர் கையில் ஒரு நேஷனல் பானாசோனிக் இல்லாவிட்டால் அவர் அங்கே என்னதான் செய்தார் என்று ஊர் கேட்ட காலம். பாட்டுக் கேட்க வந்த அந்தப் பெட்டி, சீக்கிரமே கடிதத்தின் வேலையையும் எடுத்துக்கொண்டது. அங்கிருப்பவர் கேசட்டில் பேசி, விடுமுறைக்கு ஊர் வருகிறவரிடம் கொடுத்துவிடுவார். வீட்டில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். மறுபக்கத்தில் பிள்ளைகள் ஓதிக் காட்டுவார்கள், பெரியவர்கள் ஸலாம் சொல்வார்கள், யாரோ இருமுவார்கள். அந்தக் கேசட் அடுத்து சபர் கிளம்புகிறவர் பெட்டியில் ஏறும்.

பிறகு தொலைபேசி. முதலில் டிரங்கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பது. அப்புறம் 04639 என்ற திருச்செந்தூர் வட்டாரக் குறியீட்டோடு நேரடி இணைப்பு. எண்பதுகளின் இறுதியிலிருந்து மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. கடைகள். இரவு 11 மணிக்கு மேல் உள்நாட்டுக் கட்டணம் கால்வாசி என்பதால் அந்த நேரத்தில்தான் கூட்டம். வெளிநாட்டு அழைப்பு என்றால் ஓடும் சிவப்பு எண்களைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டும். என்ன பேசுவது என்று தாளில் எழுதிக்கொண்டு வந்தவர்களும் உண்டு.

இத்தனை மாற்றத்திலும் ஒன்று மாறவில்லை. எந்தக் கருவி, எந்தக் கம்பெனி, எப்போது என்பதையெல்லாம் சபரில் இருந்தவரே தீர்மானித்தார். அவர் இறங்கும் நாள்தான் கருவி மாறும் நாள். இருப்பது கெட்டுப்போயிருந்தாலும் அவர் வரும்வரை பொறுக்க வேண்டும். நன்றாக ஓடினாலும் அவர் புதிதோடு வந்துவிட்டால் பழையது ஒதுங்க வேண்டும். சுங்கத்தில் எதை விடுவார்கள், எதைப் பிடிப்பார்கள் என்பதும் அந்தக் கணக்கில் சேரும். வீட்டில் அதைப் பயன்படுத்தப்போகிற பெண்ணிடம் யாரும் கேட்டதில்லை.

செட்டுகளின் காலம்

இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் போனது. மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசுவும் மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமும் பேசினார்கள். அப்போது வரும் அழைப்புக்கும் காசு. 2003இல் அது நின்ற பிறகுதான் செல்போன் நடுத்தர வீடுகளுக்குள் தைரியமாக நுழைந்தது. அதே ஆண்டு நோக்கியா 1100 வந்தது. தலையில் டார்ச் விளக்கு, தூசி புகாத ரப்பர் விசைப்பலகை, நாள்கணக்கில் நிற்கும் பேட்டரி. அதை மாற்றுவதற்கு யாருக்கும் ஒரு காரணம் கிடைக்கவில்லை. பேட்டரி போனால் பின்மூடியைக் கழற்றி வேறு போடலாம். முகப்பு கீறிவிட்டால் மேல்கூட்டையே கடையில் மாற்றிக்கொள்ளலாம். ‘மாடல் பழசாகிவிட்டது’ என்பது இளவட்டப் பையன்களின் கவலையாக மட்டும் இருந்தது.

அடுத்து வந்தது சைனா செட். இரண்டு சிம், தெருக்கோடி வரை கேட்கும் ஒலிபெருக்கி, சிலவற்றில் டிவி பார்க்க இழுத்து நீட்டும் ஏரியல். விலை குறைவு, ஆனால் பலவற்றுக்கு ஐ.எம்.இ.ஐ. என்ற அடையாள எண்ணே கிடையாது. அந்த எண் இல்லாத செட்டுகளின் இணைப்பை 2009 டிசம்பரில் அரசு துண்டிக்கச் செய்தது. கருவி நன்றாக இருக்கிறது, சார்ஜ் இருக்கிறது, சிம்மிலும் காசு இருக்கிறது. ஆனால் பேச முடியாது. ஓடுகிற போனை வெளியிலிருந்து ஓர் உத்தரவு நிறுத்த முடியும் என்பதை மக்கள் பார்த்தது அப்போதுதான். இன்று வேறு வேறு உருவங்களில் அதுவே நடந்துகொண்டிருக்கிறது.

ஐபோன் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது 2008 ஆகஸ்டில். 8 ஜிபி மாடலின் விலை 31,000 ரூபாய். காயல்பட்டினத்தில் அதைக் கையில் வைத்திருந்தவர்களைக் கேட்டால், பெரும்பாலும் வெளிநாட்டில் வாங்கியதாக இருக்கும். ‘துபாய் போன்’ என்பதற்கு அப்போது தனி மதிப்பு. அசல் சரக்கு, விலையும் குறைவு, ஊரில் இன்னும் இறங்காத மாடல். இன்றைக்கு 25 வயதுக்காரருக்கு அந்த மதிப்பு புரியவே புரியாது. வெளியீட்டு நாளன்றே அவர் கைபேசியில் பணம் கட்டிவிட்டு, மறுநாள் வீட்டு வாசலில் பொட்டலத்தை வாங்கிக்கொள்கிறார்.

கம்பெனி மாறியதால் போன் மாறியது

தமிழ்நாட்டில் பலரும் முதன்முதலாக ‘மாற்றலாமா’ என்று யோசித்தது போனைப் பற்றி அல்ல, சிம்மைப் பற்றித்தான். எண்ணை வைத்துக்கொண்டே கம்பெனி மாறும் வசதி 2011 ஜனவரி 20 அன்று நாடு முழுவதும் வந்தது. 1900 என்ற எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் மாறுவதற்கான குறியீடு வரும். ஆனாலும் இந்தக் கரையில் பலர் அசையவில்லை. அவர்களிடம் ஏர்செல் இருந்தது. 1999இல் தமிழ்நாட்டில் தொடங்கிய கம்பெனி. குடும்பமே அதில் இருக்கும்போது ஒருவர் மட்டும் ஏன் வெளியே போக வேண்டும்?

2018 பிப்ரவரியில் அந்தக் கேள்விக்கு இடமில்லாமல் போயிற்று. ஏர்செல் கோபுரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மாத இறுதியில் கம்பெனி திவால் மனு போட்டது. மாறுவதற்கான குறியீடு வராமல் லட்சக்கணக்கானவர்கள் அல்லாடினார்கள். சபரில் இருப்பவர்கள் வீட்டில் அந்த எண்தான் வங்கிக்கும் கேஸுக்கும் கொடுத்தது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததும் அதுதான்.

அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே, 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ தொடங்கியிருந்தது. அதில் 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை, 4ஜி மட்டும். பேச்சு இலவசம், டேட்டா தாராளம், ஆனால் உங்கள் பழைய போனில் வேலை செய்யாது. பொத்தான் போனிலிருந்து தொடுதிரைக்கு ஒரு தலைமுறையே தாவியதற்கு இந்த நிபந்தனை பெரிய காரணம். நன்றாக ஓடிய நோக்கியாக்கள் அப்படித்தான் இழுப்பறைக்குள் போயின.

காயல்பட்டினத்துக்கு இதன் விளைவு இரட்டிப்பு. வீடியோ அழைப்பு வந்துவிட்டது. அதுவரை வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்த முகம் தினமும் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்கார்ந்தது. ஆனால் அமீரகத்தில் வாட்ஸாப் அழைப்புக்கு வெகுகாலமாகத் தடை. ஃபேஸ்டைமுக்கும் அனுமதி இல்லை. அங்கே அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலிகளைத்தான் நம்ப வேண்டும். ஆகவே ஊரிலிருக்கும் உம்மாவின் போனில் வாட்ஸாப் இருந்தால் மட்டும் போதாது. போட்டிமும் தாங்க வேண்டும். சவூதியில் இருக்கும் இன்னொரு மகனுக்கு வேறொன்று. ஹாங்காங் பேரனுக்கு மற்றொன்று. விளம்பரங்கள் கேமராவைப் பற்றியே பேசுகின்றன. இங்கே ஒரு போன் தேறுமா தேறாதா என்பதை இந்தச் செயலிகள் முடிவு செய்கின்றன.

தட்டு இல்லாத போன்

துபாய் போனின் மதிப்பு இப்போது என்ன? ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் திறந்து 2014 நவம்பர் 1 அன்று மூடியது. அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் 2019இல் ஐபோன் செய்யத் தொடங்கியது. இன்று புதுப் புது மாடல்களும் அங்கிருந்து வருகின்றன. காயல்பட்டினத்துக்காரர் துபாயில் வாங்கி விமானத்தில் சுமந்துவரும் போன், செந்தூர் எக்ஸ்பிரஸில் ஓர் இரவில் போய்ச் சேரும் தூரத்தில் செய்ததாக இருக்கலாம்.

அப்படியிருந்தும் அங்கே விலை பெரும்பாலும் குறைவு. காரணம் வரி. இந்தியாவில் 2020 ஏப்ரலிலிருந்து கைபேசிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அமீரகத்தில் 2018இல் வந்த மதிப்புக்கூட்டு வரி 5 சதவீதம். இறக்குமதியாகும் போனுக்கு இங்கே சுங்கவரியும் உண்டு. 20 சதவீதமாக இருந்தது, 2024 ஜூலை பட்ஜெட்டில் 15 ஆனது. இந்த இடைவெளி இருக்கும்வரை ‘வரும்போது ஒண்ணு எடுத்துட்டு வாங்க’ என்ற வேண்டுகோள் நிற்காது. ஆனால் அன்று அந்த வேண்டுகோளோடு கதை முடிந்துவிடும். இன்று அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

கூலக்கடை பஜாரில் ஒரு கடையில் கேட்ட பேச்சு இது. விடுமுறைக்கு வந்தவர் பெட்டி பிரிக்காத ஐபோன் 17 வரிசைப் போன் ஒன்றைக் கொண்டுவந்து, மனைவியின் சிம்மைப் போட்டுத் தரச் சொன்னார். கடைப் பையன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு பக்கமும் தடவினான்.

“காக்கா, இதுல சிம் தட்டே இல்லையே?”

“ஒழுங்காப் பாரு தம்பி. ஒன்றரை லட்சத்துப் போன், தட்டு இல்லாம இருக்குமா?”

இல்லைதான். 2025 செப்டம்பரில் வந்த ஐபோன் 17 வரிசையை அமீரகம், சவூதி, கத்தார், குவைத், பஹ்ரைன், ஓமன் ஆகிய நாடுகளில் இ-சிம் மட்டும் ஏற்கும்படி விற்கிறார்கள். அமெரிக்காவில் 2022லேயே அப்படி ஆகிவிட்டது. இந்தியாவில் வாங்கும் ஐபோன் 17இல் தட்டு இருக்கிறது. நேர்மாறாக, ஹாங்காங்கில் விற்ற ஐபோன்கள் பலவற்றில் இரண்டு சிம் அட்டைகளைப் போடலாம். 2018இலிருந்தே அந்த வகை உண்டு. ஒரே பெயர், ஒரே நிறம், ஒரே விலைப் படி. ஊருக்குள் வந்து சேரும்போது மூன்று வேறு போன்கள். எந்த நாட்டில் வாங்கியது என்று கேட்காமல் ஐபோனைப் பற்றி இந்த ஊரில் பேச முடியாது.

இ-சிம்முக்கு மாறுவது கஷ்டமில்லை. ஜியோவும் ஏர்டெல்லும் வீயும் தருகின்றன. ஆனால் சிம்மை மாற்றினால், மோசடியைத் தடுப்பதற்காக, முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி நின்றுவிடும். ஓடிபி வராது. அன்றைக்குப் பார்த்து வங்கியில் வேலை இருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். இதைவிடப் பெரிய சங்கடம் வரிசைக்கு. நாளைக்கு இந்தப் போன் உம்மா கைக்குப் போகும்போது, சிம்மைக் கழற்றி மாட்டிக் கொடுத்துவிட்டு வர முடியாது. அவர் பெயரில் இருக்கும் எண்ணை இ-சிம் ஆக்க வேண்டும். போன் கெட்டால் அவசரத்துக்குப் பழைய பொத்தான் போனில் சிம்மைத் தூக்கிப் போடும் வழியும் அடைபடும். கைமாறிக் கைமாறிப் பிழைத்துவந்த பொருள், இப்போது கைமாறுவதற்கே கணக்குக் கேட்கிறது.

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குத் தாவுவதும் இப்படித்தான். ஆண்ட்ராய்டில் வாட்ஸாப் சேமிப்பு கூகுள் கணக்கில் இருக்கும், ஐபோனில் ஐகிளவுடில். ஒன்றில் வைத்ததை மற்றொன்றில் நேரடியாகத் திறக்க முடியாது. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் பேச்சுகளைக் கொண்டுபோகும் வழியை வாட்ஸாப் 2022இல்தான் தந்தது. அதுவும் புது ஐபோனை முதன்முதலில் தயார்செய்யும்போதே செய்துவிட வேண்டும். அவசரமாகத் திறந்து பயன்படுத்தத் தொடங்கிவிட்டால், அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். காலமான வாப்பாவின் கடைசிக் குரல் பதிவுகள் அந்தப் பேச்சுக்குள் கிடக்கும் வீட்டில் இது சின்னக் காரியமில்லை. அன்று கேசட்டை அலமாரியில் பூட்டி வைத்தார்கள். போட்டுக் கேட்க எந்தக் கம்பெனிப் பெட்டியும் போதுமாக இருந்தது.

ஒரு நாளில் 95 சென்டிமீட்டர்

போனைப் பற்றி இந்த ஊர் ஆழமாக யோசிக்க நேர்ந்தது 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில். ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. இந்த மாவட்டத்தில் ஓராண்டு முழுக்கப் பெய்வதே அவ்வளவு இருக்காது. குளங்கள் உடைந்தன, சாலையும் தண்டவாளமும் அறுந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. மின்சாரம் போனது, கோபுரங்களின் பேட்டரியும் தீர்ந்தபின் சிக்னலும் போனது. துபாயிலும் ஹாங்காங்கிலும் இருந்தவர்கள் தொலைக்காட்சியில் தங்கள் தெருவைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தினமும் முகம் பார்த்துப் பழகியவர்களுக்கு, கடிதக் காலத்துக் காத்திருப்பு இரண்டே நாளில் திரும்பி வந்தது.

லட்ச ரூபாய் போனும் பத்தாயிரம் ரூபாய் போனும் அன்று ஒன்றாகிவிட்டன. சார்ஜ் தாக்குப்பிடித்த பொத்தான் போனும் சிக்னல் இல்லாமல் டார்ச் விளக்காக மட்டும் உதவியது. வெள்ளம் வடிந்தபின் நனைந்த போன்களை அரிசிக்குள் புதைத்து வைத்தார்கள். அரிசித்தூள் உள்ளே போய்க் கெடுக்கும், அப்படிச் செய்யாதீர்கள் என்று ஆப்பிள் சொன்னது அடுத்த சில வாரங்களில், 2024 தொடக்கத்தில். தண்ணீர் தாங்கும் என்று அட்டையில் போட்டிருக்கும் ஐபி68 முத்திரை நல்ல தண்ணீரில், குறிப்பிட்ட ஆழத்தில், குறிப்பிட்ட நேரம் வைத்துச் சோதித்ததற்குத் தருவது. சேறும் உப்பும் கலந்த வெள்ளத்துக்கு அது உறுதி தராது. நீர் புகுந்து கெட்டால் உத்தரவாதமும் பொதுவாகக் கைகொடுக்காது. கடலோர ஊரில் சாதாரண நாளிலேயே உப்புக் காற்று சார்ஜர் துளையைப் பதம் பார்த்துவிடுகிறது.

அந்த மழைக்குப் பிறகு கேள்வி கொஞ்சம் மாறியது. எந்தப் போன் நல்லது என்பதோடு, வீட்டில் இரண்டு வேறு கம்பெனி சிம் இருக்கிறதா, பவர் பேங்க் இருக்கிறதா, முக்கியமான எண்கள் தாளில் எழுதியிருக்கிறதா என்பதும் சேர்ந்துகொண்டது.

வாலிலிருந்து எண்ணுவது

இப்போது வரிசையைத் திரும்பப் பார்க்கலாம். இன்று போன் உடைந்து போவதால் மாற்றுகிறவர்கள் குறைவு. 2025இல் ஐபோன் 5எஸ், 6, 6 பிளஸ் ஆகியவற்றில் வாட்ஸாப் நின்றது. அந்தப் போன்கள் கெடவில்லை. பல வீடுகளில் மூன்றாவது, நான்காவது கைக்குப் போய் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தவை. வங்கிச் செயலி ‘உங்கள் ஆண்ட்ராய்டு பழையது’ என்கிறது. பேட்டரி மத்தியானத்துக்குள் படுத்துவிடுகிறது. இவையெல்லாம் முதலில் தாக்குவது வரிசையின் கடைசியில் இருப்பவரை. அவர் போனில் வீடியோ அழைப்பு நின்றதும் மேலே இருப்பவர் தன்னுடையதைக் கீழே தள்ளுகிறார். அவருக்கு மேலே இருப்பவரும் அப்படியே. கடைசியில் துபாயில் ஒருவர் கடைக்குள் நுழைகிறார். தான் ஆசைப்பட்டு வாங்குவதாக நினைக்கிறார். அவரை அங்கே அனுப்பியது சதுக்கைத் தெருவில் ஒரு மூத்த பெண்மணியின் போனில் வந்த ‘புதுப்பிக்கவும்’ என்ற செய்தி.

அந்தப் பெண்மணியைக் கேட்டால் வேறு பதில் வரும். “எனக்கு இந்தப் போனே போதும் வாப்பா. பச்சையை அமுக்குனா நீ வர்றே. புதுசு குடுத்தா அந்தப் பச்சை எங்கே இருக்குன்னு யாரு சொல்லித் தருவா?” பல வீடுகளில் கேட்கும் இந்தப் பேச்சில் ஒரு நல்ல கொள்கை இருக்கிறது. மாற்றுவதன் விலையைப் பணத்தில் மட்டும் கணக்கிடக் கூடாது. மறுபடி பழகும் சிரமமும் விலையே. அதைக் கொடுப்பவர் வாங்கியவராக இருக்க மாட்டார்.

ஆகவே மேலிருந்து கீழாக யோசிப்பதை விட்டுவிட்டுக் கீழிருந்து மேலாக எண்ணுவது இந்த ஊருக்குப் பொருத்தம். கடைசிப் போனுக்கு என்ன குறை? பேட்டரிதான் என்றால் நல்ல கடையில் பேட்டரி மாற்றினால் இன்னும் சில ஆண்டுகள் ஓடும். புதுப் போனின் விலையில் சிறு பங்குதான் ஆகும். இடம் நிரம்பியிருந்தால் குழுக்களில் வந்து குவிந்த காலை வணக்க வீடியோக்களை அழித்தாலே பாதி தேறும். மென்பொருள் ஆதரவு முடிந்துவிட்டது என்றால் மாற்ற வேண்டியதுதான். வங்கிக் கணக்கு இருக்கும் போனில் அசட்டை கூடாது. அப்போதும், மேலே இருப்பவரின் நான்கு வயதுப் போனை இறக்குவதைவிட, நடுத்தர விலையில் புதிது ஒன்றை நேரே கடைசியில் இருப்பவருக்கே வாங்குவது நீடிக்கும். மேலிருந்து இறங்கும் போனுக்கும் ஆயுள் உண்டே என்று தோன்றலாம்: 2023 அக்டோபரில் வந்த பிக்சல் 8க்கும் 2024 ஜனவரியில் வந்த கேலக்ஸி எஸ்24க்கும் ஏழு ஆண்டு புதுப்பிப்பு என்று உறுதி தந்திருக்கிறார்கள். ஆனால் ஏழு ஆண்டு என்பது வெளியான நாளிலிருந்து. முதல் கையில் ஐந்து ஆண்டு போய்விட்டால் உம்மாவுக்கு மிஞ்சுவது இரண்டு.

வெளியே பழைய போன் வாங்குவதாக இருந்தால் ஒரு காரியம் மறக்கக் கூடாது. *#06# அழுத்தி ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் பார்த்து, அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்க்கலாம். திருட்டுப் போனென்று தடை விழுந்திருந்தால் எந்த சிம்மும் அதில் ஓடாது. வீட்டிலிருந்து வெளியே போகும் போனுக்கும் இதே கவனம் வேண்டும். ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ‘ஓடாத செல்போன், உடைஞ்ச செல்போன்’ என்று தெருவில் வருகிறவரிடம் பிளாஸ்டிக் டப்பாவுக்காகத் தூக்கிக் கொடுக்கும்முன், கணக்குகளை நீக்கி முழுவதும் அழித்துவிட வேண்டும். உள்ளே இருப்பது இந்த வீட்டுப் பெண்களின் படங்கள்.

அன்று சபரிலிருந்து இறங்கியவர் டேப் ரிக்கார்டரைத் தனக்குப் பிடித்ததால் வாங்கினார்; பிடித்ததால் வாங்கினேன் என்று சொல்லவும் செய்தார். இன்றைய மகன் ஒன்றரை லட்சத்துக்குப் புதிது எடுத்துவிட்டு, ‘என்னுடையதை உம்மாவுக்குக் கொடுக்கலாமென்றுதான்’ என்கிறார். புதுப் போன் வாங்குவதில் தப்பில்லை. கேமரா பிடித்திருக்கிறது, கூட்டாளிகள் வைத்திருக்கிறார்கள், கையில் காசும் இருக்கிறது, வாங்கலாம். உம்மாவுக்கு வேண்டியிருந்தது ஒரு பேட்டரி. புதுப் போனை அவர் பெயரில் எழுதாமல் இருந்தால் சரி.